கப்பல் காத்திருக்கும் என்றார்கள்

வங்கதேசப் போர் முடிந்த மறு ஆண்டு நான் அந்தமானில், போர்ட் பிளேரில் ஒரு சிறிய செய்தித்தாளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மெயின்லேண்டில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பழகிய கை. இங்கே இரண்டே பக்கம். தட்டச்சு செய்து, மை உருளையில் உருட்டி எடுப்போம். தீவுக்காரர்கள் முதலில் தேடியது கப்பல் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை. அடுத்தது ரேஷன் கடைக்கு என்ன வந்திருக்கிறது. மற்றதெல்லாம் மீன் பொதிவதற்கு முன் பார்த்தால் உண்டு.

ஒரு நாள் காலை அண்ணாச்சி அலுவலகத்துக்குள் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அரசாங்கத்துக்கு ஜெட்டி என்கிற படகுத்துறையும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொடுக்கும் கான்ட்ராக்டர், தமிழர் சங்கத்துக்குச் செயலாளர். குட்வில் எஸ்டேட்டில் வீடு. முந்தின நாள்தான் கல்கத்தாவிலிருந்து ரங்கூன் வழியாக விமானத்தில் திரும்பியிருந்தார்.

“தம்பி, பேனாவ எடுங்க. வீர் சக்ரா வாங்குன ஃபைட்டர் பைலட்டு, நம்ம தமிழ்ப் பையன், ஊருக்குள்ள வந்து எறங்கியிருக்கான். எம் பக்கத்து சீட்டு. ரங்கூன் வரைக்கும் வாயே தெறக்கல. நாந்தான் கொஞ்சங்கொஞ்சமா கெளறி எடுத்தேன். சண்டையில பாகிஸ்தான் விமானத்த ஒத்த ஆளா நின்னு சுட்டுத் தள்ளியிருக்கான்.”

“இங்க எதுக்கு வந்திருக்காராம்?”

“ஊர் பாக்கத்தான். கேம்பல் பேக்கு கப்பல் ஏறணுமாம். அங்க என்னத்தப் பாக்கப் போறானோ, காடும் கொசுவும்தான் கெடக்கு.”

விருந்தினர் விடுதியில் அவரைப் போய்ப் பார்த்தேன். இருபத்தெட்டு வயது இருக்கலாம். குள்ளமான உருவம். இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்கவில்லை; தேநீர்க் கோப்பையை மற்ற விரல்களால் பிடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டது: “சார், கேம்பல் பே கப்பல் எப்ப கெளம்பும்?”

வெள்ளிக்கிழமை காலை என்றேன். அது போனால் அடுத்தது எப்போது என்றார். மாதம் ஒன்று ஆகலாம், கூடவும் ஆகலாம் என்றேன். கார் நிக்கோபார் வரை விமானப்படை விமானம் ஒன்று போய்வரும். அதற்குத் தெற்கே, கடைசித் தீவிலிருக்கும் கேம்பல் பேக்கு, கடல்தான் வழி. அது அவருக்கே தெரிந்திருந்தது. லீவு அதற்குமேல் கிடையாது என்றார்.

நான் நோட்டைத் திறந்தேன். அவர் அதன்மேல் கையை வைத்து மூடினார்.

“எழுதாதீங்க. எழுதினா இன்னொருத்தன் பேரையும் எழுதணும். அத அவங்கப்பா பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்குவார். அது நடக்கக்கூடாதுன்னுதான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்.”

பிறகு சொன்னார். மேற்கு எல்லையில் நான்கு விமானங்கள் ஒரு ரயில் நிலையத்தைத் தாக்கப் போயின. அவர்தான் தலைவர். இரண்டாம் முறை தாழ்ந்து சுட்டுவிட்டு மேலெழும்போது தரையிலிருந்து வந்த குண்டு இறக்கையைக் கிழித்தது. இன்னொன்று விமானி அறைக்குள் புகுந்து கையைப் பதம் பார்த்தது. வேகம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து எதிரி விமானங்கள் மேலே இருந்து இறங்கின. இரண்டு விமானங்களை உடனே திருப்பி அனுப்பினார். அவருடைய ‘நம்பர் டூ’, அதாவது தலைவனின் வாலைக் காப்பதற்காகவே கூடப் பறக்கிற இளைய விமானி, போகவில்லை. எரிபொருள் தீரப்போகிறது, வீட்டுக்குப் போ என்று ரேடியோவில் கட்டளையிட்டார். இதோ சார், இதோ சார் என்றே பதில் வந்துகொண்டிருந்தது. அவன் குறுக்கே பாய்ந்து ஒரு விமானத்தை இழுத்துக்கொண்டு போனான். அது திரும்பும்போது இவருடைய துப்பாக்கிக்கு நேரே வந்தது. சுட்டார், விழுந்தது. அடுத்ததாக, தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் நம்பர் டூவின் விமானம் தீப்பிடித்துக் கரும்பு வயலில் விழுவதைப் பார்த்தார். பாராசூட் விரியவில்லை. கிழிந்த இறக்கையோடும் ஒற்றைக் கையோடும் எல்லை தாண்டி வந்து இறங்கினார். அதற்குத்தான் பதக்கம்.

“பதக்கத்தோட படிச்ச வாசகத்துல ‘தன்னந்தனியாக’ன்னு ஒரு வார்த்தை இருக்கு சார். அத மாத்தச் சொல்லிக் கேட்டேன். படிச்சு முடிச்சாச்சுன்னுட்டாங்க.”

உடல் கிடைக்காததால் நம்பர் டூ காகிதத்தில் ‘காணவில்லை’ ஆனான். அவனுடைய தகப்பனார் வேலூர்ப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற சுபேதார். முன்னாள் படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் கிரேட் நிக்கோபாரில் குடியேற்றியபோது மனைவியோடு கேம்பல் பேக்குப் போனவர். விமானி முதலில் அவர்களுடைய சொந்த ஊருக்குத்தான் போயிருக்கிறார். அங்கே இருந்தது நம்பர் டூவுக்கு நிச்சயம் செய்திருந்த மாமன் மகளின் வீடு. ‘பையன் ஜெயில்ல இருக்கான், வந்துடுவான், பொண்ண வேற எடத்துக்குப் பேசாதீங்க’ என்று சுபேதார் கப்பலுக்குக் கப்பல் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். சிறைப்பட்டவர்கள் ஒவ்வொரு தொகுதியாகத் திரும்பிவந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பெண் ஒவ்வொரு தொகுதிக்கும் காத்திருந்தாள்.

“அவங்கப்பாவுக்குச் சொல்லாம பொண்ணு வீட்ல சொல்ல எனக்கு மனசு வரல சார். பார்த்தவன் நான் ஒருத்தன்தான். அவர் முன்னாடி உக்காந்து நான் சொல்லணும். அவர் கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லணும். அப்பதான் அந்தப் பொண்ண விடுவார்.”

என் தொழில் வாழ்க்கையில் கையில் கிடைத்த ஒரே போர்ச் செய்தி. நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். விஷயத்தை அண்ணாச்சியிடமும் சொல்லக்கூடாது என்றார் விமானி. அது சரியான முடிவுதான். போர்ட் பிளேரில் காலையில் ஒருவரிடம் சொன்னது மாலைக்குள் எல்லா ஜெட்டியிலும் இருக்கும்.

அதற்குள் அண்ணாச்சி பாராட்டு விழா ஏற்பாடு செய்துவிட்டார். விமானி வேண்டாம் என்றார். வேண்டாம் என்பதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்வது நம் வழக்கம். தமிழர் சங்கம் செய்கிறது என்று தெரிந்ததும் தெலுங்குச் சங்கம் வந்தது. வங்காளிகள், இது எங்களுக்காக நடந்த போர் என்றார்கள். அதை மறுக்க முடியவில்லை. மலையாளிகள், பிறகு இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்களின் சங்கம். ஒருவர் மாலையை ஏற்றால் எல்லார் மாலையையும் ஏற்கவேண்டும்; தீவில் அமைதி நிலவுவது அதனால்தான். தலைமை தாங்கச் சம்மதித்த பெரிய அதிகாரிக்கு வெள்ளிக்கிழமை காலை மட்டுமே ஓய்வு. கப்பல் கிளம்பும் அதே காலை.

“பத்து மணிக்குக் கப்பல்னு போட்டிருக்கே” என்றார் விமானி.

அண்ணாச்சி சிரித்தார். “பத்துன்னு போட்டா சாயந்தரம்னு அர்த்தம் தம்பி. நான் இங்க வந்து பதினஞ்சு வருசம் ஆவுது. ஒரு கப்பல், ஒரே ஒரு கப்பல், சொன்ன நேரத்துக்குப் போயி நான் பாத்ததில்ல. தண்ணி ஏத்தணும், அரிசி ஏத்தணும், யாராவது ஒரு ஆபீசரோட சம்சாரம் வரணும். மூணு தடவ ஊதுவான். மொத ஊதலுக்கு நாங்க குளிக்கப் போவோம். ரெண்டாவதுக்குச் சாப்பாடு. மூணாவதுக்குத்தான் வீட்டப் பூட்டுவோம்.”

விமானி என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்றேன். அந்த ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்கள். கப்பலின் நேரத்தை வாரந்தோறும் அச்சிட்ட நாங்களே அதை நம்பியதில்லை.

“நான் வாழறது மணிக்கணக்குல இல்ல சார், செகண்டுக் கணக்குல” என்று முணுமுணுத்தார். இருந்தாலும் ஒத்துக்கொண்டார். பெட்டியை அண்ணாச்சியின் லாரி காலையிலேயே கப்பலில் சேர்த்துவிடும், விழா முடிந்ததும் நேரே துறைமுகம் என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பியிருந்தது. போர்ட் பிளேரில் அப்போது மாலைக்குப் பூ கிடைப்பது அரிது. சென்னையிலிருந்து யாரோ கொண்டுவந்த சந்தனச் சீவல் மாலை ஒன்று இருந்தது. எல்லாச் சங்கத்துக்கும் அதுவே பொது. தமிழர் சங்கம் போட்டது. கழற்றி மேசையில் வைத்தார்கள். தெலுங்குச் சங்கம் அதை எடுத்துப் போட்டது. கழற்றினார்கள். ஒவ்வொரு முறையும் போட்டோ. ஒவ்வொரு முறையும் போட்டோக்காரர் பல்பு மாற்றவேண்டும். விமானி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நான் மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்துக்குப் பின்னால் மைக்குக்காக ஒரு ஜெனரேட்டர் லாரி எஞ்சின் போல அலறிக்கொண்டிருந்தது. வாசலில் பையன்கள் சரவெடி கொளுத்தினார்கள்.

அண்ணாச்சி பேசினார். “ஒத்த ஆளா நின்னு…” என்று ஆரம்பித்து அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார். பிறகு வந்தவர்கள் அதையே இந்தியில் ‘அகேலா’ என்றார்கள், ஆங்கிலத்தில் சொன்னார்கள். கடைசியில் விமானியை அழைத்தார்கள். அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

“நான் தனியா இல்ல” என்றார். “அன்னிக்கு நான் தனியா இல்லவே இல்ல. அத மட்டும் சொல்லிக்கறேன்.”

அண்ணாச்சி துள்ளி எழுந்தார். “கேட்டீயளா! நாம அம்புட்டு பேரும் கூட இருந்தோம்ங்காரு! பாரத நாடே கூட இருந்ததுங்காரு!” கைதட்டல் அடங்க வெகுநேரமானது. விமானி மைக்கை விட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் சொல்ல வந்ததை அந்த மண்டபத்தில் புரிந்துகொண்ட ஒரே ஆள் நான். என்னாலும் எழுந்து சொல்ல முடியாது.

ஜெனரேட்டரும் சரவெடியும் சற்றே தணிந்து, அந்தக் கைதட்டலும் ஓய்ந்த இடைவெளியில்தான் ஹாடோ துறைமுகத்தின் பக்கமிருந்து கப்பலின் ஊதல் கேட்டது.

விமானி எழுந்துவிட்டார். அண்ணாச்சி அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். “மொத ஊதல் தம்பி. இன்னும் ரெண்டு இருக்கு. வங்காளிக்காரங்க மால மட்டும் பாக்கி. அவங்க மொகத்துல முழிக்கணும்லா.”

வங்காளச் சங்கத் தலைவர் சந்தன மாலையை எடுத்தார். போட்டோக்காரர் பல்பு மாற்றினார்.

அண்ணாச்சியின் ஜீப்பில் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது கப்பல் நடுத்துறையில் திரும்பிக்கொண்டிருந்தது. கயிறுகள் சுருட்டியாகிவிட்டன. வழியனுப்ப வந்தவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மூட்டைகளோடு ஓடிவந்து நின்ற குடும்பங்களும் இருந்தன. அவர்களும் விழாவுக்கு வந்திருந்து, அதை முதல் ஊதல் என்று நினைத்தவர்கள்தான். முதல் இரண்டு ஊதலும் எங்கள் ஜெனரேட்டர் சத்தத்திலும் சரவெடியிலும் கேட்காமல் போய்விட்டன.

கப்பல் துறையில் கயிற்றைக் கவனிக்கும் மேஸ்திரி ஒருவர், ராஞ்சிப் பக்கத்தவர், முகம் நிறையச் சிரிப்போடு நின்றார். “பஹலி பார் டைம் பே நிக்லா, சாப்!” முதல்முறையாகச் சரியான நேரத்துக்குக் கிளம்பியது என்று அவருக்குப் பெருமை. ஏன் என்று கேட்டேன். போரில் பதக்கம் வாங்கிய ஏர் ஃபோர்ஸ் அதிகாரி பயணம் செய்கிறார். ஃபௌஜி ஆட்கள், அதாவது பட்டாளத்துக்காரர்கள், நேரம் தவறமாட்டார்கள், நாமும் தவறக்கூடாது என்று கப்பல் தலைவர் உத்தரவு போட்டாராம். காலையிலேயே பெட்டி வந்துவிட்டதால் ஆளும் ஏறிவிட்டார் என்றே எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள்.

“அந்த ஆபீசர் இவர்தான்யா!” என்று கத்தினார் அண்ணாச்சி. மேஸ்திரியின் சிரிப்பு நின்றது. அவர் விமானியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சட்டைக் காலரில் சந்தனச் சீவல் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு விசைப்படகு கரையில் சும்மா கிடந்தது. அதை எடுக்கப் பெரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். பெரிய அதிகாரி மண்டபத்தில் நன்றியுரை கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ஜீப்பைத் திருப்பினார். அனுமதியோடு அவர் வந்து சேர்ந்தபோது கப்பல் ராஸ் தீவைத் தாண்டி மறைந்துவிட்டது.

விமானி அதுவரை அங்கேயே நின்றிருந்தார். “அது என்ன வேகத்துல போகும்?” என்று மட்டும் கேட்டார்.

மணிக்குப் பத்து பன்னிரண்டு கடல் மைல் இருக்கும் என்றேன்.

“என் விமானம் தரையில உருளும்போதே அதவிட வேகமாப் போகும்” என்றார்.

அண்ணாச்சி உடைந்துபோனார். ஆனால் எதற்கு வருந்துகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. “அடுத்த லீவுக்கு வாங்க தம்பி, குடும்பத்தோட வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். கேம்பல் பே எங்கயும் ஓடிராது” என்று தேற்றினார். விமானி அவரை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

பிரச்சினை அதோடு நிற்கவில்லை. கப்பலில் வீர் சக்ரா விமானி வருகிறார் என்று வயர்லெஸ் மூலம் தீவு தீவாகச் செய்தி போயிருந்தது. கேம்பல் பேயில் முன்னாள் படைவீரர்கள் எல்லாரும் வரவேற்புக்கு ஆயத்தம் செய்தார்கள். சுபேதார் தன் மகனின் படைப்பிரிவுக்காரர் வருகிறார் என்று கேட்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு ஜெட்டிக்கே வரத் தயாராகிவிட்டாராம். பெட்டி மட்டும் போய் இறங்குவதை அவர் பார்க்கக்கூடாது. அதனால் விமானி வயர்லெஸ்ஸில் பேசவேண்டியதாயிற்று. அனுமதியை அண்ணாச்சிதான் வாங்கிக்கொடுத்தார். அந்த மாதிரி வேலைகளில் அவருக்கு நிகர் கிடையாது.

ஆபரேட்டர் ஒரு மலையாளி. தமிழ் புரியும், தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் என்றார். ஒரு எச்சரிக்கையும் செய்தார்: “சாரே, இது போன் இல்ல. நீங்க பேசுறது கார் நிக்கோபார், கட்சால், நான்கௌரி எல்லா ஸ்டேஷன்லயும் கேக்கும்.” விமானி தலையசைத்தார். கப்பல் தவறிவிட்டது என்பதை மட்டும் சொல்லப்போவதாக என்னிடம் சொல்லியிருந்தார்.

இரைச்சலுக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஜெய் ஹிந்த் சார். சுபேதார் பேசறேன். பந்தல் போட்டாச்சி. எப்ப வந்து சேருவீங்க? ஓவர்.”

“அப்பா, நான் கப்பல்ல இல்ல. தவற விட்டுட்டேன். ஓவர்.”

“பரவால்ல சார். அடுத்த கப்பல்ல வாங்க. ஓவர்.”

“லீவு முடியுதுப்பா. அடுத்த லீவுல கண்டிப்பா வர்றேன். ஓவர்.”

“என்னா சேதி சார்? பையன் எந்த ஜெயில்னு தெரிஞ்சிதா? ஓவர்.”

“நேர்ல சொல்றேன்ப்பா. ஓவர்.”

ஆபரேட்டர் இணைப்பு போய்விட்டதென்று திருகியைத் தொட்டார். அப்போது குரல் திரும்பியது. அதே குரல்தான், வேகம் குறைந்திருந்தது.

“நானும் பட்டாளத்துல இருந்தவன் சார். எங்க கம்பெனி பசங்க வூட்டுக்கு நானே போயிருக்கறேன். நல்ல சேதி சொல்றதுக்கு யாரும் இவ்ளோ தூரம் கடல் தாண்டி வரமாட்டாங்க. நீங்க கண்ணால பாத்தீங்களா? ஓவர்.”

விமானி மைக்கின் விசையை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார். “பாத்தேன்” என்றார். ‘ஓவர்’ வரவில்லை. ஆபரேட்டர் குனிந்து, மைக்கின் அருகே வாயை வைத்து, தானே “ஓவர்” என்றார்.

“குடை விரிஞ்சிதா? ஓவர்.”

“இல்லப்பா. என்னக் காப்பாத்தத்தான் நின்னான். போடான்னு சொன்னேன். போகல. ஓவர்.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே அண்ணாச்சி ஜீப்பில் சாய்ந்து சிகரெட் பற்றவைத்தார்.

“அவங்கம்மா இங்கதான் நிக்குது. நான் சொல்லிக்கறேன்” என்றது குரல். “நீங்க ஊருக்குப் போயி பொண்ணு வூட்ல ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். வேற எடம் பாக்கச் சொல்லுங்க. சுபேதார் சொன்னான்னு சொல்லுங்க. நான் சொல்லி அனுப்பிச்சா அவங்க நம்பமாட்டாங்க, நான்தானே இத்தினி நாளும் வருவான் வருவான்னு சொன்னது. ஓவர்.”

“நான் போறேன்ப்பா. ஓவர்.”

“ஜெய் ஹிந்த் சார். அவுட்.”

விமானி மைக்கைக் கீழே வைக்கவில்லை. மடங்காத விரல்கள் அதன்மேல் நீட்டிக்கொண்டிருந்தன. வயர்லெஸ் பெட்டிக்குள் ஒரு சொடுக்கு, புதிய குரல். கட்சால் நிலையத்து ஆபரேட்டர், ஒரு வங்காளி. தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர். அலைவரிசை காலியாகட்டும் என்று இவ்வளவு நேரம் மரியாதையாகக் காத்திருந்திருக்கிறார்.

“ஹீரோ சாப்! கட்சால் ஸ்டேஷன் கீ தரஃப் ஸே பஹுத் பஹுத் பதாயீ! ஹம் ஸப் ஆப்கோ ஸலாம் கர்தே ஹைன்! ஓவர்.”

வாழ்த்துகிறோம், வணங்குகிறோம் என்றது அது. எங்கள் ஆபரேட்டர் கை நீட்டி அதை அணைக்கப் போனார். விமானி தடுத்தார்.

“ஷுக்ரியா, கட்சால்” என்றார். “அவுட்.”